வீட்டுக்குள்ள ஒரு வகுப்பறை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஒரு சுட்டிக் குழந்தை இருக்கா? நாம சொல்லிக் கொடுக்கறதுக்கு முன்னாடியே பஸ் போர்டைப் படிச்சுட்டு, அடுத்தது என்னன்னு நம்ம மூஞ்சியைப் பார்க்கிற ரகம்? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்க ஊர் மரக்காணம். ஈசிஆர்ல சென்னையிலிருந்து புதுச்சேரி போறப்போ ரோட்டோரமா வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல் தெரியுமே, அதேதான். எங்க அக்கா பொண்ணுக்கு அஞ்சு வயசு. ஒண்ணாம் வகுப்புப் புத்தகத்தை ரெண்டே மாசத்துல முடிச்சுட்டா. இவளை வீட்டுலயே வெச்சுப் படிக்க வைக்கலாமா, வைக்கறதுன்னா எந்த சிலபஸ் எடுக்கலாம்னு வீட்டுல ஒரே பேச்சு. சமச்சீரா, சிபிஎஸ்இயா, ஆன்லைன்ல விக்கிற வெளிநாட்டு பேக்கேஜான்னு ஆளுக்கு ஒரு கருத்து. இந்தக் கேள்வி ஏதோ நம்ம காலத்துக் கேள்வின்னுதான் நானும் நினைச்சேன். இல்லை. 120 வருஷத்துக்கு முன்னாடியே புதுக்கோட்டையில ஒரு அப்பா இதே கேள்வியை சந்திச்சிருக்கார். அவர் எடுத்த முடிவுல இருந்துதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உருவானாங்க.

பேரைக் கேட்டதும் அரசாங்கத்தோட மகப்பேறு உதவித் திட்டம் ஞாபகம் வரும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஞாபகம் வரும். ஆனா அவங்க எப்படிப் படிச்சாங்கன்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பால் கணக்கு போதும்னு நினைச்ச காலம்

முத்துலட்சுமி பிறந்தது 1886 ஜூலை 30, புதுக்கோட்டையில. அப்போ அது தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியோட முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபுல வந்தவங்க. இந்தக் கல்யாணத்துக்காக அப்பாவை அவரோட சொந்தக்காரங்க ஒதுக்கி வெச்சிட்டாங்க. அம்மா பிறந்த குலத்தையோ ஊர் வேற மாதிரி பார்த்துச்சு. ரெண்டு பக்கமும் முழுசா சேராத ஒரு வீடு அது. அந்த வீட்டோட மூத்த பொண்ணு இவங்க.

அந்தக் காலத்துல ஒரு பொண்ணுக்குப் படிப்புன்னா, பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு. இவங்களைப் பள்ளிக்கு அனுப்பினதும் கிட்டத்தட்ட அந்த அளவை மனசுல வெச்சுத்தான். யோசிச்சுப் பாருங்க, அதுவும் ஒரு சிலபஸ்தான். குழந்தைக்கு என்ன வரும்னு பார்த்துப் போட்ட சிலபஸ் இல்லை. குழந்தை பின்னாடி எங்க உட்காரப் போகுதுன்னு முன்கூட்டியே முடிவு பண்ணிட்டுப் போட்ட சிலபஸ். ஆனா பொண்ணு அந்த எல்லையைச் சீக்கிரமே தாண்டிட்டா.

பருவம் வந்ததும் வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. அம்மாவுக்குப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்துடணும்னு கவலை. அதைத் தப்புன்னு சுலபமா சொல்லிட முடியாது. அந்த அம்மா பிறந்த சூழல்ல, கல்யாணம்ங்கறது பொண்ணுக்குக் கிடைக்கிற பெரிய பாதுகாப்பு. அப்பாவோ வேற வழி பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாதுன்னா பள்ளிக்கூடம் வீட்டுக்குள்ள வரட்டும்னு முடிவு பண்ணினார். தானே சொல்லிக் கொடுத்தார், ஆசிரியரையும் ஏற்பாடு பண்ணினார்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. வீட்டுல படிக்க வெச்சாலும் அவர் மனம்போன போக்குல எதையோ சொல்லிக் கொடுக்கலை. மெட்ரிகுலேஷன் தேர்வுங்கற ஒரு வாசலைக் குறி வெச்சார். பொண்ணு எங்க உட்கார்ந்து படிச்சாலும், எழுதப் போறது பையன்கள் எழுதற அதே தேர்வு. அந்தச் சான்றிதழை யாராலும் குறைச்சுச் சொல்ல முடியாது. 1902-ல தனித்தேர்வரா எழுதி முத்துலட்சுமி பாஸ் பண்ணினாங்க.

வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்

அடுத்து கல்லூரி. அதை வீட்டுல வெச்சு நடத்த முடியாது. ஊர்ல இருந்த ஒரே கல்லூரி மகாராஜா கல்லூரி, அது ஆண்கள் படிக்கிற இடம். ஒரு பொண்ணு, அதுவும் இந்தக் குடும்பத்துப் பொண்ணு உள்ள வந்தா பையன்கள் கெட்டுப்போயிடுவாங்கன்னு எதிர்ப்பு கிளம்புச்சு. கடைசியில மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுத்தார். மூடு வண்டியில போய் இறங்கி, வகுப்புல திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டியிருந்துச்சு. நமக்கு அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வைக்கறதே பெரிய போராட்டம். அவங்களுக்கு வகுப்பறைக்குள்ள கால் வைக்கறதுக்கே ராஜா உத்தரவு தேவைப்பட்டுச்சு.

1907-ல சென்னை மருத்துவக் கல்லூரி. உடம்பு அப்படி ஒண்ணும் திடமான உடம்பு இல்லை. ஆஸ்துமா தொந்தரவும் பார்வைக் குறைவும் இருந்துச்சு. அதோட 5 வருஷம் படிச்சு 1912-ல டாக்டரா வெளிய வந்தாங்க. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில ஹவுஸ் சர்ஜன் ஆன முதல் பெண் அவங்கதான். 1914-ல டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அதுக்கும் ஒரு நிபந்தனை போட்டாங்க: தன்னைச் சமமா நடத்தணும், தன் விருப்பங்களுக்குக் குறுக்க நிக்கக் கூடாது. அவரும் ஒத்துக்கிட்டார்.

இத்தோட கதை முடிஞ்சிருந்தா, கெட்டிக்காரப் பொண்ணு, நல்ல அப்பா, டாக்டர் பட்டம், சுபம்னு போட்டுடலாம். ஆனா எனக்கு இவங்க மேல மரியாதை கூடினது இதுக்கு அப்புறம் நடந்ததைப் படிச்சப்போதான்.

தனக்குக் கிடைச்சதை என்ன செஞ்சாங்க?

மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனாங்க. 1926-ல பாரிஸ்ல நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டுல கலந்துக்கிட்டாங்க. திரும்பி வந்ததும் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டாங்க. பிரிட்டிஷ் இந்தியாவுல சட்டமன்ற உறுப்பினர் ஆன முதல் பெண். 1927-ல அதே அவையோட துணைத் தலைவரும் ஆனாங்க. பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடற வழக்கத்தை நிறுத்தணும்னு அந்த வருஷமே தீர்மானம் கொண்டு வந்தாங்க. எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை. முழுத் தடைச் சட்டம் வர 1947 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. கிட்டத்தட்ட 20 வருஷம்! தன் அம்மா பிறந்த குலத்துக் குழந்தைகளுக்காக அவங்க நடத்தின போராட்டம் அது.

1928-ல ஹார்டாக் கல்விக் குழுவுல உறுப்பினர் ஆனாங்க. இந்தியா முழுக்கப் பள்ளிக் கல்வி எப்படி இருக்குன்னு ஆராய்ஞ்ச குழு அது. ஒண்ணாம் வகுப்புல சேர்ற குழந்தைகள்ல ரொம்பக் கொஞ்சம் பேர்தான் நாலாம் வகுப்பைத் தொடறாங்கங்கறது அவங்க கண்ட உண்மை. பாதியில நின்னு போறது ஒரு பக்கம், ஒரே வகுப்புல வருஷக்கணக்கா தேங்கி நிக்கறது இன்னொரு பக்கம். கல்வியை விரிவாக்கற எந்தத் திட்டத்துலயும் பெண்கள் கல்விக்கு முதலிடம் கொடுக்கணும்னு 1929-ல வந்த அந்த அறிக்கை சொல்லுச்சு. பருவம் வந்ததும் பள்ளியில இருந்து நிறுத்தப்பட்ட ஒரு பொண்ணு அந்த மேசையில ஒரு நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

உப்புக்கும் இவங்களுக்கும்கூட ஒரு சம்பந்தம் இருக்கு. 1930-ல உப்புச் சத்தியாகிரகத்துல காந்தி கைதானப்போ, அதைக் கண்டிச்சு தன்னோட சட்டமன்றப் பதவியை ராஜினாமா பண்ணினாங்க. உப்பளத்தைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இந்தத் தகவல் கொஞ்சம் ஸ்பெஷல்.

அதே சமயத்துலதான் ஔவை இல்லம் தொடங்குச்சு. தேவதாசிக் குடும்பத்தில் இருந்து தப்பிச்சு வந்த சில சின்னப் பொண்ணுங்க இவங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. அவங்களைச் சேர்த்துக்க ஹாஸ்டல்கள் தயாரா இல்லை. அதனால தன் வீட்டுலயே இடம் கொடுத்தாங்க. பின்னாடி அது அடையாறுல பள்ளியும் விடுதியுமா வளர்ந்துச்சு. எனக்கு இந்த இடம்தான் மொத்த வாழ்க்கைக்கும் மையமா தெரியுது. இவங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வீட்டுல ஒரு கல்லூரி முதல்வர் இருந்தார். அந்தப் பொண்ணுங்களுக்கு வீடே இல்லை. தனக்கு அப்பா செஞ்சதை, அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு இவங்க செஞ்சாங்க.

தங்கச்சி ஒருத்தர் புற்றுநோயில இறந்தது மனசுல ஆறாத காயமா இருந்துச்சு. பல வருஷம் விடாம முயற்சி பண்ணினதுல, 1952-ல அடையாறுல புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல 12 படுக்கையோட அது செயல்படத் தொடங்குச்சு. 1956-ல பத்மபூஷண். 1968 ஜூலை 22-ல மறைஞ்சாங்க. அவங்க பிறந்தநாளைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் மருத்துவமனை தினமா கொண்டாடுது.

சரி, சிலபஸ் விஷயத்துக்கு வருவோம்

உப்பளத்துல கடல் தண்ணியை நேரா உப்புப் பாத்தியில விடமாட்டாங்க. ஒரு பாத்தியில கொஞ்ச நாள் காய விட்டு, அடர்த்தி ஏறினதும் அடுத்ததுக்கு மாத்துவாங்க. சுமார் 25 போமே டிகிரி வந்த பிறகுதான் உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30 தாண்டினா மெக்னீசிய உப்பும் கலந்து கசக்கும், அதனால அதுக்கு முன்னாடியே மிச்சத் தண்ணியை வடிச்சுடுவாங்க. இதுல முக்கியமான விஷயம், தண்ணியை மாத்தறது காலண்டரைப் பார்த்து இல்லை, டிகிரியைப் பார்த்து. சீக்கிரம் ஏறின தண்ணியைச் சும்மா நிறுத்தி வெச்சாலும் நஷ்டம், ஏறாத தண்ணியை அவசரப்பட்டுத் தள்ளினாலும் நஷ்டம்.

வேகமாப் படிக்கிற குழந்தைக்கும் அப்படித்தான்னு நினைக்கிறேன். கணக்குல மூணாம் வகுப்பு அளவுல இருக்கலாம், எழுதறதுல ஒண்ணாம் வகுப்பு அளவுலயே இருக்கலாம். அதனால ஒரே போர்டோட ஒரே வகுப்பு பேக்கேஜை மொத்தமா வாங்கிப் போடறதை விட, பாடத்துக்குப் பாடம் குழந்தை எங்க நிக்குதுன்னு பார்க்கறது நல்லது. இதுக்குப் பெரிய செலவும் இல்லை. தமிழ்நாடு பாடநூல், என்சிஇஆர்டி ரெண்டுமே இணையத்துல இலவசமாக் கிடைக்குது. புதுக்கோட்டை அப்பா மாதிரி ஒரு வாசலையும் குறி வெச்சுக்கணும். இன்னைக்கு வீட்டுல படிக்கிறவங்களுக்கு அந்த வாசல் என்ஐஓஎஸ். ஆனா அதுல பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயசு ஆகியிருக்கணும். அஞ்சு வயசுல ஓடினாலும் வாசல்ல காத்திருந்துதான் ஆகணும். அப்போ அந்தக் காலத்தை எதை வெச்சு நிரப்பறதுன்னு யோசிக்கணும். அடுத்த வகுப்பு, அதுக்கு அடுத்த வகுப்புன்னு மேல மேல தள்ளறதுக்குப் பதிலா கதை, செடி, நண்டு, நீச்சல், பாட்டுன்னு பக்கவாட்டுல விரிச்சு விடலாம். மரக்காணத்துல கழுவெளி ஏரி இருக்கு, பறவைகள் இருக்கு. இதைவிட நல்ல லேப் எங்க கிடைக்கும்?

இன்னொண்ணு, வீட்டுப் படிப்பு முத்துலட்சுமியை மெட்ரிகுலேஷன் வரைக்கும்தான் கொண்டு வந்துச்சு. அதுக்கு மேல கல்லூரியும், லேபும், கூடப் படிக்கிறவங்களும் தேவைப்பட்டாங்க. நம்ம குழந்தைக்கும் ஒரு கட்டத்துல தேவைப்படும். அவங்களுக்கு வீடுங்கறது கதவு மூடினதால வந்த மாற்று வழி. நமக்குக் கதவு திறந்தே இருக்கு. திறந்த கதவை நாமளே மூடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும். பள்ளிக்கு அனுப்பிட்டு, மாலையில வீட்டுல அவ வேகத்துக்குத் தீனி போடறதும் ஒரு நல்ல வழிதான்.

கடைசியா, சுட்டிக் குழந்தை எல்லா வீட்டுலயும்தான் பிறக்குது. விடியறதுக்கு முன்னாடி உப்பளத்துக்குக் கிளம்பற அம்மா அப்பாவால எந்த சிலபஸைப் பிரிச்சு வெச்சு உட்கார முடியும்? இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர்ல முதலமைச்சர் தொடங்கி வெச்சது எங்க மரக்காணம் ஒன்றியத்துல இருக்கிற முதலியார்குப்பத்துலதான். பள்ளி நேரம் முடிஞ்சதும் தன்னார்வலர்கள் குழந்தைகள் இருக்கிற இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுக்கிற திட்டமா அது தொடங்குச்சு. அந்த மாதிரித் தன்னார்வலர் வேலைக்கு நம்மகிட்ட இருக்கிற படிப்பு தாராளமாப் போதும்.

அதனால செமஸ்டர் லீவுல ஊருக்குப் போறப்போ, உங்க தெருவுல அந்த மாதிரி ஒரு குழந்தை இருக்கான்னு பாருங்க. தினமும் சாயந்தரம் ஒரு மணி நேரம் பக்கத்துல உட்காருங்க. என்ன சொல்லிக் கொடுக்கறதுன்னு ரொம்பத் திட்டம் போட வேண்டாம். முதல் நாள், அதுக்கு என்ன தெரியும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா போதும். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.