ஹென்றி போர்டும் தொழிலாளியின் வீடும்

குடித்துவிட்டு யந்திரத்தண்டை நிற்கலாகாது என்பதில் அபிப்பிராய பேதம் கொள்வோர் எவருமில்லை. ரயிலையும் விமானத்தையும் செலுத்துவோருக்கு இவ்விதி பன்மடங்கு கண்டிப்பானது. நமது நாட்டில் ரயில் ஓட்டுபவர்களும் விமானிகளும் வேலை ஏற்குமுன் கருவியில் மூச்சை ஊதிக் காட்டுகிறார்கள், அது நியாயமே. அமெரிக்காவிலோ வேலை கேட்டு வருபவனுடைய சிறுநீரை வாங்கி, அதில் லாகிரி வஸ்துவின் சுவடு உண்டா என்று பார்ப்பது பல கம்பெனிகளின் வழக்கமாயிருக்கிறது. முதலாளியின் அதிகாரம் தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிடுகிறதா, அல்லது தொழிலாளியின் வீட்டுக்குள்ளும் உடலுக்குள்ளும் செல்கிறதா என்ற கேள்வி இதிலிருந்து எழுகிறது. இக்கேள்விக்கு விடை தேடுவோர் ஹென்றி போர்டின் சரித்திரத்தை அறிதல் நலம்.

போர்டு 1863-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி, மிச்சிகன் மாகாணத்தில் டியர்பார்னுக்கு அருகேயுள்ள ஒரு பண்ணையில் பிறந்தார். தகப்பனார் அயர்லாந்திலிருந்து குடியேறிய விவசாயி. பையனுக்கோ ஏரில் மனம் செல்லவில்லை, யந்திரத்திலேயே சென்றது. 1879-ல் டிட்ராய்ட் நகரம் சென்று பட்டறைத் தொழில் கற்றார். 1891-ல் எடிஸன் பெயர் கொண்ட மின்சாரக் கம்பெனியில் இஞ்சினீயராக அமர்ந்தார். 1896-ல் தம் கையாலேயே நான்கு சக்கர மோட்டார் வண்டி ஒன்றைச் செய்து தெருவில் ஓட்டினார். அவர் முதலில் சேர்ந்த மோட்டார் கம்பெனி நசித்துப்போயிற்று. 1903-ல் தமது பெயராலேயே கம்பெனி கண்டார். 1908-ல் சாதாரண ஜனங்களும் வாங்கக்கூடிய 'மாடல் டி' வண்டி வெளிவந்தது. அதன் பின் உலகமெங்கும் அவர் பெயர் பரவிற்று.

1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் அவர் ஒரு பெரிய மாறுதலைச் செய்தார். அதற்குமுன் தொழிலாளி வண்டியண்டை சென்று வேலை செய்தான்; இப்பொழுது வண்டி அவனிடம் நகர்ந்து வந்தது. அவன் நின்ற இடத்திலேயே நின்று ஒரே ஆணியை நாள் முழுவதும் முடுக்க வேண்டியதாயிற்று. வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்ட 12½ மணி நேரம் பிடித்தது போய், 1 மணி 33 நிமிஷமே போதுமென்றாயிற்று. முதலாளிக்கு லாபம் பெருகியது. தொழிலாளிக்கோ அவ்வேலை சகிக்கக்கூடாததாயிற்று. அவ்வருஷம் சுமார் 14,000 ஆட்களை வேலையில் வைத்திருப்பதற்காகக் கம்பெனி 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

1914 ஜனவரி 5-ந் தேதி வெளியான அறிக்கைக்கு இதுவே காரணம். ஒன்பது மணி நேரத்துக்குச் சுமார் 2 டாலர் 34 ஸெண்டு கூலி பெற்றவர்களுக்கு இனி எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர் என்று போர்டு அறிவித்தார். மற்ற முதலாளிகள் திகைத்தனர். சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் வேலை கேட்டு வாயிலில் திரண்டனர். கடுங்குளிரில் அவர்கள்மீது நெருப்பணைக்கும் குழாயால் நீர் பாய்ச்சிக் கலைத்ததும் அக்காலத்திலேதான்.

ஆனால் அந்த ஐந்து டாலரில் ஏறக்குறைய பாதிதான் கூலி. மற்றப் பாதி லாபத்தில் பங்கு. பங்கு பெற ஆறு மாத சேவை வேண்டும், நல்லொழுக்கமும் வேண்டும். நல்லொழுக்கம் எதுவென்று தீர்மானிப்பவர் முதலாளி. இதற்கென்று சமூக இலாகா என்ற பகுதி ஒன்றை அவர் ஏற்படுத்தினார். அதன் விசாரணையாளர்கள் தொழிலாளியின் வீடு தேடிச் சென்றனர். மனைவியையும் அண்டை அயலாரையும் விசாரித்தனர். விவாகம் சட்டப்படி நடந்ததா, பாங்கியில் பணம் சேர்க்கிறானா, வீடு சுத்தமாயிருக்கிறதா, வெளியாட்களைக் குடிவைத்துச் சம்பாதிக்கிறானா, சூதாடுகிறானா, குடிக்கிறானா என்பவை அவர்கள் எழுதிக்கொண்ட விஷயங்கள். தேறாதவனுக்குப் பங்கு நிறுத்தப்பட்டது. விரைவில் திருந்தினால் நிறுத்திய பணம் கிடைக்கும். ஆறு மாதமாகியும் திருந்தாவிடில் வேலையே போய்விடும்.

நியாயத்தை மறைக்கலாகாது. இத்திட்டத்தால் நன்மை விளையவில்லை என்று சொல்ல நாம் துணியோம். போர்டு மதுவைத் தொடாதவர். சிகரெட்டைக் கண்டித்து 1914-ல் புத்தகமே வெளியிட்டவர். அந்நிய நாடுகளிலிருந்து வந்த ஏழைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பள்ளிக்கூடம் வைத்தார். பிற முதலாளிகள் வாயிலில் நுழையவிடாத நீக்ரோவர்களுக்கும் அங்கஹீனர்களுக்கும் வேலை கொடுத்தார். குடியால் அழிந்துகொண்டிருந்த குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. 1915-ல் இலாகாவின் தலைமையை ஏற்ற பாதிரியார் ஸாமுவேல் மார்க்விஸ் இதனை ஒரு தர்மகாரியமாகவே கருதி உழைத்தார்.

ஆயினும், பிறர் தயவால் வரும் ஒழுக்கம் அவர் தயவுள்ள வரைதான் நிற்கும். யுத்தகால விலையேற்றத்தில் ஐந்து டாலரின் மதிப்புக் குறைந்தது; கம்பெனிக்குப் பணமுடையும் வந்தது. 1921-ல் மார்க்விஸ் மனம் வெறுத்து விலகினார்; இலாகா மறைந்தது. அன்பு போயிற்று, அதிகாரம் தங்கிற்று. 1922-ல் போர்டு ஒரு கட்டளை பிறப்பித்தார். மூச்சில் மதுவின் வாடை வீசினாலும், மடியிலோ வீட்டிலோ மது இருந்தாலும் வேலை போகும் என்பது அதன் சாரம். இன்று கருவி செய்யும் காரியத்தை அன்று மேஸ்திரியின் மூக்கு செய்தது. அப்பொழுது அமெரிக்காவில் மதுவிலக்கு தேசத்தின் சட்டமாகவே இருந்தது. ஆனால் சட்டம் குற்றவாளிக்கு நியாயஸ்தலத்தையும், சாட்சியையும், அப்பீலையும் கொடுக்கிறது. போர்டின் கட்டளையில் குற்றம் சாட்டுபவரும், விசாரிப்பவரும், தண்டிப்பவரும் ஒருவரே.

பின்னர் நடந்தது எவரும் எதிர்பார்த்திருக்கக்கூடியதே. பாதிரியார் இருந்த இடத்துக்கு ஹாரி பென்னட் என்ற பழைய குத்துச் சண்டைக்காரர் வந்தார். அவருடைய சேவை இலாகாவில் அடியாட்களும் ஒற்றர்களும் நிறைந்தனர். முன்பு குடியைத் தேடிய கண்கள் இப்பொழுது தொழிற்சங்கத்தைத் தேடின. 1932 மார்ச் 7-ந் தேதி வேலையும் உணவும் கேட்டு ரூஜ் தொழிற்சாலையை நோக்கி ஊர்வலம் வந்தோர்மீது போலீசாரும் கம்பெனிக் காவலரும் சுட்டதில் அன்றே நால்வர் மாண்டனர். 1937 மே 26-ந் தேதி, துண்டுப் பிரசுரம் வழங்க வந்த வால்டர் ராய்ட்டரும் அவரது தோழர்களும் வாயிலருகே பாலத்தின்மீது அடித்து நொறுக்கப்பட்டனர். 1941-ல் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பின்னரே போர்டு சங்கத்தோடு ஒப்பந்தம் செய்ய இணங்கினார்.

பிறருடைய நடத்தைக்கு மார்க்கு போட்ட அவருடைய நடத்தையைப் பரிசோதிக்க எந்த இலாகாவும் இருக்கவில்லை. தமது பத்திரிகையின் மூலம் யூத ஜாதியார்மீது துவேஷத்தைப் பல வருஷங்கள் பரப்பி, 1927-ல் மன்னிப்புக் கேட்டார். 1938-ல் ஹிட்லரின் சர்க்கார் அளித்த விருதை ஏற்றார். மது திரும்பி வந்தால் மோட்டார் செய்வதையே நிறுத்திவிடுவேன் என்று 1929-ல் சொன்னவர், 1933-ல் மதுவிலக்கு நீங்கிய பின்னும் தொழிற்சாலையை நிறுத்தவில்லை. 1947 ஏப்ரல் 7-ந் தேதி, 83-வது வயதில், வெள்ளத்தால் மின்சாரம் நின்றுபோன தமது மாளிகையில், விளக்கொளியிலும் மெழுகுவர்த்தி ஒளியிலும் அவர் உயிர் நீத்தார். காந்தியடிகள் கையொப்பமிட்டு அவருக்கு அனுப்பிய ராட்டை டியர்பார்னில் அவர் நிறுவிய பொருட்காட்சி சாலைக்குச் சேர்ந்தது.

போர்டு மறைந்தார், அவருடைய முறை மறையவில்லை. 1987 ஜனவரியில் மேரிலாந்தில் இரு ரயில்கள் மோதி 16 பேர் மாண்டனர். ஒரு ரயிலைச் செலுத்தியவர்கள் கஞ்சா புகைத்திருந்தனர். 1988-ல் சர்க்காரின் காண்டிராக்டு பெறும் கம்பெனிகள் லாகிரி வஸ்துவை வேலையிடத்தினின்று விலக்க வேண்டுமென்ற சட்டம் வந்தது. ரயில்வே ஊழியரை விபத்துக்குப் பின் பரிசோதிப்பது செல்லுமென்று 1989-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி துர்குட் மார்ஷல் மாறுபட்டு எழுதினார். சர்க்கார் செய்யும் சோதனைக்காவது அங்கே அரசியல் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது; தனி முதலாளியை அவ்வரம்பு கட்டுப்படுத்துவதில்லை.

இங்கே ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். மூச்சைப் பரிசோதித்தால் ஒருவன் இப்பொழுது மதுவின் வசத்தில் இருக்கிறானா என்பது தெரியும். சிறுநீரைப் பரிசோதித்தால், பல நாட்களுக்கு முன் தன் வீட்டில் அவன் என்ன செய்தான் என்பதும் தெரியும். வேலை நேரத்தில் அவன் புத்தி தெளிவாயிருந்ததா என்பது அதனால் தெரியாது. முன்னது வாயிற்காவல். பின்னதோ போர்டின் விசாரணையாளர் மறுபடியும் வீட்டுக்குள் நுழைவதற்கு ஒப்பாகும். கதவைத் தட்டாமலே நுழைகிறார் என்பது ஒன்றே வித்தியாசம்.

மதுவிலக்கில் நமக்குள்ள பற்றை இதனால் எவரும் சந்தேகிக்க வேண்டாம். 1937-ல் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொணர்ந்தபோது அது ஜனப்பிரதிநிதிகளின் சட்டமாக வந்தது. மிராசுதாருக்கும் கூலியாளுக்கும் ஒன்றாகவே பொருந்திற்று. முதலாளியின் கட்டளையோ கீழே இருப்பவனை மட்டும் பிடிக்கும். ஆகையால் பரிசோதனை வேண்டுமிடத்தில் அது சட்டத்தின் வழியாக வரட்டும். பிறர் உயிருக்கு அபாயம் உள்ள வேலைகளோடும், வேலை நேரத்தோடும் நிற்கட்டும். தொழிற்சங்கத்தின் சம்மதமும், மறுபரிசோதனைக்கும் அப்பீலுக்கும் இடமும் இருக்கட்டும். மானேஜரும் அதே குழாயில் ஊதட்டும். குடியில் வீழ்ந்தவனுக்கு முதலில் வைத்தியம் கிடைக்கட்டும். வேலை நீக்கம் கடைசியாக வரட்டும்.

எட்டு மணி நேர உழைப்பை முதலாளி வாங்குகிறார். அந்த எட்டு மணி நேரமும் தெளிந்த புத்தியை அவர் கேட்கலாம். மற்றப் பதினாறு மணி நேரத்தை அவர் வாங்கவில்லை. ஐந்து டாலருக்கு அதையும் சேர்த்து வாங்கிவிட்டதாக ஹென்றி போர்டு நினைத்தார். தொழிலாளிகள் அதைத் திரும்பப் பெறுவதற்கு 27 வருஷங்களும் பல உயிர்களும் வேண்டியிருந்தன.