இரண்டு சிறிய விமானங்களில் தொடங்கியவர்

1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி, இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் 24 வயது இளைஞர் ஒருவரின் கைக்கு வந்தது. அதில் இருந்த எண் 1. அந்த இளைஞர்தான் ஏர் இந்தியாவுக்கு வித்திட்ட ஜே.ஆர்.டி. டாட்டா.

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904 ஜூலை 29-இல் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பார்சி, தாயார் பிரெஞ்சுக்காரர். விடுமுறைக்குக் குடும்பம் தங்கும் கடற்கரை ஊரில் லூயி பிளேரியோவுக்கும் ஒரு வீடு இருந்தது. 1909-இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்தவர் அவர். அங்கே விமானங்களைப் பார்த்து வளர்ந்த சிறுவனின் மனத்தில், தானும் விமானியாக வேண்டும் என்ற ஆசை வேரூன்றியது.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்தார். 1930-இல் ஜே.ஆர்.டி. இந்தியாவிலிருந்து புறப்பட்டார், ஆஸ்பி இன்ஜினியர் என்ற இளைஞர் எதிர்த்திசையில் வந்தார். எகிப்தில் இருவரும் சந்தித்தபோது, ஆஸ்பி மாற்று ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றார். ஜே.ஆர்.டி. தம்மிடம் இருந்ததைக் கொடுத்து உதவினார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. அவரே பின்னாளில் இந்திய விமானப் படையின் தலைவரானார்.

அடுத்து வந்ததுதான் பெரிய காரியம். நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப் படை வீரர், கராச்சிக்கு வந்து சேரும் லண்டன் தபாலை பம்பாய்க்கும் சென்னைக்கும் விமானத்தில் கொண்டுபோகும் திட்டத்துடன் வந்தார். முதலீடு இரண்டு லட்சம் ரூபாய். அரசின் மானியம் கிடையாது. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி, பஸ் மோத் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஜே.ஆர்.டி.யே கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் மூட்டைகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிச் சென்றவர் வின்சென்ட்.

இருந்தவை இரண்டே விமானங்கள். வாரத்துக்கு ஒரு பயணம். வழிகாட்ட ரேடியோ இல்லை. பம்பாயின் ஜூஹு தரை மழைக்காலத்தில் சேறாகிவிடும். அப்படியும் முதல் ஆண்டு முழுவதும் நேரம் தவறாமல் பறந்ததற்காக அரசுத் துறையே அவர்களைப் பாராட்டியது.

எங்கள் சுங்காயில் ரயில் நிற்கும்; விமானம் இறங்காது. கணினிப் பாவனையில் விமானம் ஓட்டும் நண்பர்கள் சிலருடன், ஈப்போவைத் தளமாகக் கொண்ட மெய்நிகர் வட்டார விமான நிறுவனம் ஒன்றைத் தொடங்கும் வேலையில் இருப்பதால்தான் இவரைத் தேடிப் படித்தேன். பயணிகளோ பணமோ இல்லாத நிறுவனம் அது. ஆனால் வழித்தடம், நேர அட்டவணை, பறப்புப் பதிவு எல்லாம் நிஜம்போலவே இருக்க வேண்டும். திரையில் எத்தனை பெரிய விமானத்தையும் சேர்க்கலாம். முதல் நாளே முப்பது நகரங்களை அறிவிக்கலாம். அட்டவணைப்படி ஓட்ட ஆள் இல்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் பெயர்தான். நம் வட்டாரத்தின் மலாயன் ஏர்வேஸும் 1947 மே 1-இல் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகியவற்றை இணைத்துத்தான் தன் சேவையைத் தொடங்கியது. இன்றைய மலேசியா ஏர்லைன்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதன் வழிவந்தவையே.

ஜே.ஆர்.டி.யின் நிறுவனம் 1946-இல் ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூனில் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. 1953-இல் அரசு அதை நாட்டுடைமையாக்கியது. அவருக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒதுங்கிவிடாமல் தலைவர் பொறுப்பை ஏற்று, சம்பளம் வாங்காமல் உழைத்தார். 1978-இல் அந்தப் பொறுப்பிலிருந்தும் நீக்கப்பட்டார்.

வேறொருவராக இருந்தால் மனம் கசந்திருக்கும். அவரோ 1982-இல், முதல் பயணத்தின் பொன்விழாவுக்காகத் தமது 78-ஆம் வயதில் அதே கராச்சி-பம்பாய் வழியில் சிறு விமானம் ஒன்றைத் தனியாக ஓட்டிவந்தார். 1992-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1993 நவம்பர் 29-இல் ஜெனீவாவில் காலமானார். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

கையில் பதவி இருந்தபோதும் இல்லாதபோதும் அவருக்குப் பறப்பதில் இருந்த பற்று குறையவில்லை. மாணவர்களே, கழகமோ குழுவோ சிறு தொழிலோ, எதைத் தொடங்குவதானாலும் நம்மால் தவறாமல் செய்யக்கூடிய அளவில் தொடங்குவோம். சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்துகாட்டினால் வளர்ச்சி பின்னால் வரும்.