வரி பாக்கி ஏன் சேருகிறது? தாமஸ் மன்றோவின் கதை

சென்னை தீவுத்திடல் அருகே குதிரை மேல் அமர்ந்திருக்கும் வெள்ளைக்காரர் சிலை பலருக்கும் தெரியும். அவர்தான் மெட்ராஸ் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ. வரி வசூலில் அவர் முதல் பாடம் படித்தது கொல்லிமலை அடங்கிய அன்றைய சேலம் சீமையில்தான்.

யார் இவர்?

1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போக, கம்பெனிப் படையில் சேர்ந்து 1780-ல் மெட்ராஸ் வந்தார். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தன. வரி வசூல் பொறுப்பு கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் போனது. அவருக்கு உதவியாளர் மன்றோ. தருமபுரியில் தங்கி, 1799 வரை இதே வேலைதான்.

என்ன செய்தார்கள்?

நிலத்தை அளந்து, இடைத்தரகர் இல்லாமல் குடியானவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்கினார்கள். இதுதான் ரயத்துவாரி. மன்றோ போன பிறகு சேலத்தை மிட்டாக்களாகப் பிரித்து கம்பெனி ஏலம் விட்டது. கட்ட முடியாமல் பல மிட்டாதாரர்கள் பாக்கி வைத்தார்கள், மிட்டாக்கள் கைமாறின.

பாக்கிக்கு என்ன வழி?

1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பா பகுதிகளுக்கு மன்றோ கலெக்டர். அங்கே ஒருவர் ஊரைவிட்டு ஓடிப்போனால், அந்தப் பாக்கியை ஓர் அளவு வரை மற்ற ஊர்க்காரர்கள் தலையில் கட்டினார்கள். அடுத்த வீட்டுக்காரன் கடனை நாம கட்டணும்! கடைசியில் கோளாறு தீர்வையில்தான் என்று மன்றோவே முடிவுக்கு வந்தார். 1807-ல் தீர்வையைக் கால் பங்கு குறைக்கச் சொன்னார். மேலிடம் கேட்கவில்லை. 1820-ல் கவர்னரான பிறகே அது நடந்தது.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. 1827-ல் சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். வசூலுக்காகக் குடியானவர்கள் விரலில் கிட்டி போட்ட கொடுமையை 1855-ல் விசாரணைக் கமிஷன் வெளிக்கொண்டு வந்தது. மேலே விகிதம் குறைந்தாலும், கீழே வசூலிப்பவரின் கை இளகவில்லை.

இன்றைக்கு இதில் என்ன இருக்கு?

தாலுகா ஆபீஸ்களில் இன்னும் வருஷாவருஷம் ஜமாபந்தி நடக்கிறது. வணிக வரியிலும் அதே சிக்கல்தான்: 2023-ல் 50,000 ரூபாய்க்கு உட்பட்ட பழைய நிலுவைகளைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. கட்ட முடியாத தொகையைக் கணக்கில் எழுதி வைக்கலாம். கஜானாவுக்கு அது வராது.