பந்தாட்டப் பேராசான் ரகீம்

கற்பிப்போர் பலர், தாம் கற்பித்ததை வாழ்ந்தும் காட்டுவோர் சிலர். அச்சிலருள் ஒருவர் சையது அப்துல் ரகீம். இவர் 1909ஆம் ஆண்டு ஐதராபாத் நகரில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபொழுது சிறந்த கால்பந்து வீரராய் விளங்கினார். பின்னர்ப் பள்ளியாசிரியர் ஆனார். வகுப்பறையில் பழகிய பொறுமையே ஆடுகளத்திலும் அவருக்குத் துணைநின்றது.

ஐதராபாத் நகரக் காவலர் அணியை அவர் பயிற்றுவித்தார். பந்தைத் தாமே உருட்டிச் சென்று புகழ்பெற விழைவது ஆட்டக்காரர் பலரின் இயல்பு. அதனை மாற்றக் கருதிய ரகீம், பந்தை உருட்டிச் செல்லாது உடனே தோழருக்குத் தட்டிக்கொடுக்கும் போட்டிகளை நடத்தினார். பழகாத காலால் உதைக்கவும் பயிற்றினார். அவ்வணி 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பையை ஐந்து முறை தொடர்ந்து வென்றது.

இந்திய அணியும் அவர் பொறுப்பில் வந்தது. 1951இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலோ, வெறுங்காலுடன் ஆடிய வீரர் பலரைக் கொண்ட நம் அணி, யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்னும் கோல் கணக்கில் தோற்றது. ரகீம் மனந்தளர்ந்தாரல்லர். தோல்வியையே பாடமாகக் கொண்டு, பிறநாட்டார் ஆடும் முறைகளை ஆராய்ந்தார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, முடிவில் நான்காம் இடம் எய்தியது.

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நிகழ்ந்தது. அப்பொழுது ரகீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்தமையால், அவ்வூர் மக்கள் நம்மவர்மீது சினங்கொண்டிருந்தனர். முதல் ஆட்டத்தில் தென்கொரியா நம்மை வென்றது. தடுப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம். கோல்காப்பாளர் தங்கராஜுக்கோ காய்ச்சல்.

ரகீம் கலங்கவில்லை. தலையில் தையலிட்ட ஜர்னைலை முன்வரிசையில் நிறுத்தினார். இறுதியாட்டத்தில் தங்கராஜையே மீண்டும் காவலுக்கு அனுப்பினார். பெருங்கூட்டத்தின் கூச்சலுக்கிடையே, பி. கே. பானர்ஜியும் ஜர்னைலும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்று தங்கம் பெற்றது.

மறு ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ரகீம் இயற்கை எய்தினார். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிட்டவில்லை. மாணவர்களே! கையிலுள்ள பந்தைத் தோழனுக்கு ஈயும் மனமே ஓர் அணியை வெற்றிபெறச் செய்யும். ரகீம் கற்பித்த பாடம் அதுவே.