நாகமலை தந்த அணிநாயகர்

மாலை வேளையை மைதானத்திற் கழிக்கும் மாணவன் பரீட்சையிலே தேறமாட்டான் என்னும் எண்ணம் எம்மவரிடையே ஆழ வேரூன்றியது. பழைய மாணவர் கூடுமிடமெல்லாம் இவ்வழக்கு ஒருமுறையேனும் எழாமற் போவதில்லை. மைதானத்தின் பக்கம் நின்று பேசுவோர் சிலர்; புத்தகத்தின் பக்கம் நின்று பேசுவோர் பலர். இரு திறத்தாரும் தத்தமக்குச் சாட்சியாக அழைக்கத்தக்க ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைந்தோம். அவர் எம் நாட்டவரல்லர், தமிழருமல்லர். எனினும் அவரை முற்றிலும் அயலவரென்று ஒதுக்க எம்மால் இயலவில்லை.

ஹேவாஹெட்ட மலைகளை அறிந்தோர் லூல்கந்துரத் தோட்டத்தையும் அறிவர். 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் அங்கே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டதே இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கம். அவர் பயிரிட்டது அசாம் இனத் தேயிலை. எம் முன்னோர் கொழுந்து பறித்த செடியின் பூர்வீகம் பிரமபுத்திரா நதி பாயும் அப்பெருநிலமே. அந்நிலத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுநாயகமாக விளங்கும் நகரம் ஜோர்ஹாட். அதன் தென்கிழக்கே நாகமலைகள் எழுகின்றன. அம்மலைகளிலே சாங்கி என்னும் சிற்றூரில், 1918ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், ஆவோ நாகர் குலத்திற் பிறந்தவர் தாலிமெரென் ஆவோ. சுதந்திர இந்தியாவின் உதைபந்தாட்ட அணியை முதன்முதலாக ஒலிம்பிக் மைதானத்துக்கு அழைத்துச் சென்ற அணிநாயகர் இவரே.

தந்தையார் சுபோங்வாத்தி நிங்தாரி கிறித்தவத் திருச்சபைப் போதகர். பன்னிரு மக்கள் பிறந்த பெருங்குடும்பம் அது. இம்பூரிலிருந்த மிசன் வளவிலே சிறுவர் பந்து விளையாடுவது வழக்கம். தாலிமெரெனும் அங்கேயே பந்தோடு வளர்ந்தார். சரிவான நிலத்தில், பந்து பள்ளத்தில் உருண்டுவிடாமற் காத்து ஆடவேண்டிய கட்டாயத்தில் ஆட்டம் பழகியவன் பந்தைக் காலோடு கட்டிவைத்தாற்போல் ஆள்வான் என்பதற்கு நாம் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. எம் தோட்டத்து லயன்களின் முன்னே கந்தற்பந்து உதைத்த பிள்ளைகளை நினைத்தாற் போதும்.

1935இல் தந்தையார் நெருப்புக் காய்ச்சல் கண்டு இறந்தார். தன் மகன் வைத்தியனாகித் தன் மக்களுக்குப் பணிசெய்ய வேண்டுமென்பதே அவர் விட்டுச் சென்ற விருப்பம். நோயுற்றவனைச் சுமந்துகொண்டு மலைப்பாதையிலே நாட்கணக்காக நடந்த அக்காலத்து நாகமலையில் அவ்விருப்பம் வெறும் குடும்பப் பெருமைக்காக எழுந்ததன்று. பதினேழு வயது மகனின் தோளில் அது கடனாக அமர்ந்தது. பின்னாளில் அவர் ஆடிய ஆட்டங்கள் அனைத்தும் இக்கடனின் நிழலிலே ஆடப்பட்டவை என்றே நாம் கருதுகிறோம்.

ஜோர்ஹாட்டிலே மிசன் பாடசாலையிற் கற்று, பின்னர் கௌகாத்தியிலுள்ள கொட்டன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே சரத் தாஸ் என்னும் ஆட்டக்காரர் நண்பரானார். இருவரும் அந்நகரின் மகாராணாக் கழகத்துக்கு ஆடினர். முன்வரிசையில் ஆடத் தொடங்கிய ஆவோ படிப்படியாக இடைவரிசைக்கு வந்தார்.

இவ்விடத்தில் இக்கால மாணவருக்குச் சிறிது விளக்கம் கூறுதல் தகும். அந்நாளில் ஓர் அணி கோல் காவலர் ஒருவர், பின்காவலர் இருவர், இடைவரிசையார் மூவர், முன்வரிசையார் ஐவர் என வகுக்கப்பட்டு நின்றது. இடைவரிசை மூவருள் நடுவே நிற்பவரைச் சென்டர் ஹாஃப் என்பர். எதிரணியின் தாக்குதலை முறிப்பதும் இவரே. முறித்த பந்தைத் தம் முன்வரிசைக்கு எடுத்துக் கொடுப்பதும் இவரே. கோல் போட்டவன் பெயரைப் பார்வையாளர் கூவுவர். கோல் காத்தவன் பெயரைப் பத்திரிகை அச்சிடும். இடையிலே நின்று இரு திசையும் ஓடியவனை ஆட்டம் அறிந்தவர்களே அறிவர். ஆவோவுக்கு வாய்த்தது இவ்விடமே. உயரமும் தோளுரமும் அமைந்தவர்; வானில் வரும் பந்தும் நிலத்தில் வரும் பந்தும் அவரைக் கடப்பது அரிதாயிற்று.

1942இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்தது. (ஆர். ஜி. கார் என்னும் பெயரை அக்கல்லூரி பெற்றது 1948இல்.) மறுவருடமே மோகன் பகான் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. நண்பர் சரத் தாசும் அவ்வணியிற் சேர்ந்தார்.

மோகன் பகான் என்ற பெயர் வங்காளத்தில் வெறும் ஆட்டக் கழகத்தின் பெயரன்று. 1911இல் அவ்வணி கிழக்கு யோர்க்சயர் படையணியை 2-1 என வென்று ஐ. எஃப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. ஆங்கிலேயப் படைவீரர் சப்பாத்தணிந்து ஆட, வங்க இளைஞர் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலோடு ஆடிப் பெற்ற வெற்றி அது. அரசியல் மேடைகள் செய்யாததை அன்று ஒரு பந்து செய்ததென மூத்தோர் பேசுவர். அத்தகைய கழகத்தின் இடைவரிசை நடுவிலே, வங்கமொழி பேசும் பெருந்திரளின் முன்னே, தொலைமலையிலிருந்து வந்த ஒரு நாக இளைஞர் நின்றார். சில காலத்துள் அணித்தலைமையும் பெற்றார்.

அவர் வந்த காலம் எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1943இல் வங்காளப் பஞ்சம். கல்கத்தா வீதிகளிலே மனிதர் பசியால் மாண்டனர். 1944இன் வசந்தத்தில் சப்பானியப் படை அவர் பிறந்த மலைகளையே வந்து தாக்கிற்று. கோகிமா நகரம் சிதைந்து போயிற்று. 1946 ஆகத்தில் கல்கத்தாவிலே மதக்கலவரம். அவ்வாண்டு கேடயப் போட்டியே நடைபெறவில்லை. பகலில் வைத்தியப் பாடம், மாலையில் மைதானம், சுற்றிலும் இவ்வளவு துயரம். 1947இல் மோகன் பகான் 36 ஆண்டுகளின் பின் அக்கேடயத்தை மீண்டும் வென்றது. 1948இலும் அதனைத் தக்கவைத்தது. அக்காலக் கல்கத்தா ஆட்டம் சம்பளத்துக்கு ஆடப்பட்டதன்று என்பதையும் மாணவர் மறவாதிருத்தல் நன்று.

இனி 1948ஆம் ஆண்டுக்கு வருவோம். இலண்டனில் நடந்த அவ்வாண்டு ஒலிம்பிக் விழாவே சுதந்திரம் பெற்ற இந்தியா பங்குகொண்ட முதல் விழா. இலங்கைக்கோ அதுவே முதல் ஒலிம்பிக். இந்திய உதைபந்தாட்ட அணிக்கு ஆவோ தலைவர். யூலை 29ஆம் நாள் வெம்பிளி அரங்கிலே இந்தியக் குழுவின் முன் கொடி தாங்கிச் சென்றவரும் அவரே. நாகமலையின் மைந்தரொருவர் அக்கொடியைத் தாங்கினார் என்ற செய்தியின் கனத்தை, அம்மலைகளில் அடுத்த சில ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை அறிந்தோரே முழுதும் உணர்வர்.

அவ்வணியிலே தமிழ்ச் செவிக்குப் பழகிய பெயர்கள் சில உண்டு. வரதராஜ், தன்ராஜ், வஜ்ரவேலு, சாரங்கபாணி ராமன் ஆகியோர் அவர்கள். சைலன் மன்னா, அகமது கான், மேவாலால் முதலியோர் ஏனைய தூண்கள். பயிற்றுநர் பலாய்தாஸ் சட்டர்ஜி.

யூலை 31ஆம் நாள் இலண்டனின் கிழக்கே இல்ஃபோர்ட் என்னுமிடத்தில், கிரிக்கிள்ஃபீல்ட் மைதானத்தில், ஏறத்தாழ 17,000 மக்கள் முன்னிலையில் இந்தியாவும் பிரான்சும் எதிர்நின்றன. இந்தியருட் பெரும்பாலோர் காலிற் சப்பாத்தில்லை. சிலர் துணிப்பட்டி சுற்றியிருந்தனர். ஈரமற்ற வன்னிலத்தில் வெறுங்கால் பந்தை உணரும், திருப்பும், ஏய்க்கும். அவ்வித்தையைக் கண்டிராத ஆங்கில மக்கள் வியந்து ஆரவாரித்தனர். முப்பதாம் நிமிடத்திற் கூர்பான் பிரான்சுக்கு முதற் கோலைப் பெற்றார். இந்தியாவுக்கோ இரு தண்ட உதைகள் கிடைத்தன. ஒன்றை மன்னா தவறவிட்டார். மற்றதை மகாபீர் பிரசாத் தவறவிட்டார். எழுபதாம் நிமிடத்தில் ராமன் பந்தை வலையிற் சேர்த்துக் கணக்கைச் சமப்படுத்தினார். சுதந்திர இந்தியாவுக்குச் சர்வதேசப் போட்டியிற் கிடைத்த முதற் கோல் அது. ஆட்டம் முடிய ஒரு நிமிடமே எஞ்சியிருந்தபோது பெர்சியோன் பிரான்சின் இரண்டாம் கோலை அடித்தார். 2-1. இந்தியா வீடு திரும்பிற்று.

தோற்ற அணியை நினைவுகூர்ந்து இத்தனை எழுதுவதேன் என்று கேட்போர் உளர். இரு தண்ட உதைகளைத் தவறவிட்ட அணி வெறுங்காலாற் பெருமை பெற்றது என்று புகழ்ந்து அமைவதும் எமக்கு உடன்பாடன்று. நான்காண்டின் பின் எல்சிங்கியிலே, குளிரிலும் ஈரத்திலும், யூகோசிலாவியாவிடம் 10-1 எனத் தோற்ற பின்னரே இந்திய ஆட்டக்காரர் சப்பாத்தை ஏற்றனர். வெறுங்காலின் அழகு உண்மை. அதன் எல்லையும் உண்மை. ஆயினும் இல்ஃபோர்ட் ஆட்டத்தில் ஐரோப்பாவின் வலிய அணியொன்றை 89 நிமிடம்வரை கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தியது அணியின் இடைவரிசையே. அதன் நடுவில் நின்றவர் ஆவோ.

கண்டி வாசகர் மகிழத்தக்க செய்தி ஒன்றையும் இங்கே சேர்ப்போம். அதே யூலை 31ஆம் நாள், அதே இலண்டனில், கண்டித் திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டும் ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஒரு புதிய தேசத்துக்கு வெற்றியும் மற்றொன்றுக்குத் தோல்வியும் ஒரே நாளிற் கிடைத்தன.

இலண்டனில் ஆர்சனல் கழகம் ஆவோவைத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பியதென்றும் அவர் மறுத்துவிட்டாரென்றும் இந்தியாவில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அக்கதையை நாம் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. அதனினும் அரிய மறுப்பொன்று அவர் வாழ்விலே உண்டு. அதற்குக் கதை வேண்டியதில்லை.

1942இல் வைத்தியக் கல்லூரி புகுந்தவர் 1950இலேயே பட்டம் பெற்றார். எட்டு ஆண்டுகள். புத்தகத்தின் பக்கம் நிற்போர் இதனைச் சுட்டிக்காட்டலாம், காட்டவும் வேண்டும். மைதானம் அவரிடம் தன் விலையைப் பெற்றுக்கொண்டது. ஆனாற் பட்டம் பெறாமல் அவர் கல்லூரியை விட்டாரில்லை. கல்கத்தாவிலே புகழ் இருந்தது, கழகம் இருந்தது, வைத்தியத் தொழில் நடத்தி வசதியாக வாழவும் வழியிருந்தது. இந்திய உதைபந்தாட்டத்தின் நல்ல காலமும் அப்போதே மலர்ந்தது; 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாம் ஆசிய விளையாட்டு விழாவில் மன்னாவின் தலைமையில் இந்திய அணி தங்கப் பதக்கம் பெற்றது. இவையனைத்தையும் விட்டு, 1953இல் உதவிச் சிவில் சத்திரவைத்தியராகக் கோகிமாவுக்குச் சென்றார். தந்தையார் மறைந்து பதினெட்டாண்டுகள் கழிந்திருந்தன.

அவர் சென்ற இடம் அமைதியான மலைவாசமன்று. 1950களின் நடுவிலே நாகமலையில் ஆயுதப் போராட்டம் மூண்டது. படையினர், போராளிகள், இருசாராருக்கும் இடையே சிக்குண்ட ஊரார் என எல்லாரும் இரத்தம் சிந்திய ஆண்டுகள் அவை. இந்தியாவின் கொடியைத் தாங்கிய ஒருவருக்கு அம்மலையிலே வைத்தியராக வாழ்வது எத்துணை நுண்மையான நிலை என்பதை இத்தீவில் வாழும் எமக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இடைவரிசை ஆட்டக்காரருக்கு இருபுறமும் ஓடும் கடமை பழகியதே.

1963 திசெம்பர் முதலாம் நாள் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. ஆவோ பதவியில் உயர்ந்து அம்மாநிலத்தின் சுகாதார சேவைப் பணிப்பாளரானார். 1978இல் ஓய்வு பெற்றார். இருபத்தைந்தாண்டுப் பணி. இதனைப் பற்றி எழுதப்பட்டவை இல்ஃபோர்டின் தொண்ணூறு நிமிடங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றினும் குறைவு. வைத்தியசாலை விறாந்தையிலே பார்வையாளர் ஆரவாரம் கேட்பதில்லை.

அவர் பயின்ற கொட்டன் கல்லூரியில் உள்ளரங்க மைதானமொன்றும், அசாமின் கலியாபோரில் வெளியரங்க மைதானமொன்றும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 2009 முதல் வடகிழக்கு மாநில அணிகளுக்கான சுற்றுப்போட்டியொன்று அவர் பெயரால் நடத்தப்பட்டது. பிறந்து நூறாண்டு நிறைந்த 2018இல் இந்திய அஞ்சல் திணைக்களம் அவர் நினைவாக முத்திரை வெளியிட்டது.

தாலிமெரென் ஆவோ 1998 செத்தெம்பர் 13ஆம் நாள் எண்பதாம் வயதிற் காலமானார். அவர் பிறந்த அதே 1918இல், அவருக்கு ஒரு மாதத்தின் பின், மார்ச் முதலாம் நாள் பிறந்தவர் எம் டங்கன் வைட். ஆவோவுக்கு இரு மாதம் முன்பாக, 1998 யூலை 3ஆம் நாள், அவரும் இங்கிலாந்திலே கண்மூடினார்.