ஆயிரம் யானைகளும் ஒரு சிறு துப்பாக்கியும்

யானையை வீழ்த்தப் பீரங்கி போன்ற துப்பாக்கி வேண்டும் என்பதே அந்நாளைய வேட்டைக்காரர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியவர் வால்டர் பெல். ஆப்பிரிக்காவில் அவர் சுட்ட யானைகள் ஆயிரத்துக்கும் அதிகம். அவற்றுள் பெரும்பாலானவை, மான் வேட்டைக்கே ஏற்றது என்று பிறர் கருதிய சிறு துப்பாக்கிக்கு இரையானவை.

பெல் 1880-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். பிள்ளைப் பிராயத்திலேயே பெற்றோரை இழந்தார். பள்ளிக்கூடம் கசந்தது, கப்பலேறினார். பதினேழு வயது நிரம்புமுன் ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டை. பிறகு கனடாவில் தங்கம் தேடிச் சென்றவர்களுக்கு இறைச்சி தேடித் தரும் வேலை. அடுத்து போயர் யுத்தம். அது முடிந்த பின் உகாண்டாவின் கரமோஜா காடுகளுக்குள் புகுந்தார். ‘கரமோஜோ பெல்’ என்ற பெயரும் நிலைத்தது.

அவர் நாடியது தந்தம். யானை இறந்தாலும் ஆயிரம் பொன் அல்லவா? ஆனால் எப்படிக் கொல்வது என்பதில் அவர் மற்றவர்களினின்றும் வேறுபட்டார்.

கனத்த யானைத் துப்பாக்கிகளின் குண்டுக்கு 5,000 முதல் 7,000 அடி-பவுண்டு வரை சக்தி உண்டு. பெல்லின் 7 மில்லிமீட்டர் துப்பாக்கியின் குண்டுக்கோ 2,000 அடி-பவுண்டுக்குச் சற்று அதிகம். எடை சுமார் 11 கிராம். ஆயினும் பல டன் கனமுள்ள பிராணியை எந்தக் குண்டின் வேகமும் தள்ளி வீழ்த்துவதில்லை. பெரிய குண்டு மூளைக்கு அருகே பட்டால் யானை மயங்கிச் சாயலாம். சற்று நேரத்தில் எழுந்து ஓடிவிடும். புண்ணோடு ஓடிய யானை காட்டில் நாட்கணக்கில் துடிக்கும். மூளையிலேயே பட்டால் சிறு குண்டும் போதும். நின்ற இடத்திலேயே உயிர் பிரியும்.

அந்த மூளை எங்கே இருக்கிறது? யானையின் பெருமண்டையில் பெரும்பகுதி தேன்கூடு போன்ற காற்றறைகளே. ஏறத்தாழ ஐந்து கிலோ மூளை பின்புறத்தில், தாழ்வாக ஒளிந்திருக்கிறது. பெல் ஒரு மண்டையோட்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பார்த்துப் பாடம் கற்றார். முன்னிருந்தும், பக்கத்திலிருந்தும், பின்னிருந்தும் குண்டு செல்லவேண்டிய வழியைக் கணக்கிட்டார். நசுங்காமல் நேரே துளைத்துச் செல்லும் கெட்டி உறையிட்ட நீண்ட குண்டுகளையே பயன்படுத்தினார். தோட்டா இல்லாத துப்பாக்கியால் ஓயாமல் குறி பார்த்துப் பழகினார். இலேசான துப்பாக்கி தோளில் பலமாக உதைக்காது. ஆகவே விசையை இழுக்கும்போது கை நடுங்காது.

இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. அந்தப் பயிற்சியின்றிச் சிறு துப்பாக்கியை மட்டும் கைக்கொண்டால் யானைக்கும் துன்பம், மனிதனுக்கும் அபாயம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், பெருவிலங்குகளைச் சுடும் துப்பாக்கிக்குக் குறைந்தபட்ச அளவு சட்டமாகவே வந்தது. எல்லோரும் பெல் ஆகிவிட முடியாதல்லவா?

முதல் உலக யுத்தத்தில் விமானியாகப் பணியாற்றிய பெல், பிற்பாடு ஸ்காட்லாந்து திரும்பி, 1954-ல் காலமானார். தந்தத்தின் சர்வதேச வியாபாரத்துக்கு 1989-ல் தடை முடிவாயிற்று. அவர் செய்த வேட்டையை இன்று யாரும் போற்றமாட்டார்கள். ஆனால் நோயுற்ற மிருகத்தையோ, ஆட்கொல்லியையோ சுட்டே தீரவேண்டிய வேளை இன்றும் வருகிறது. அவ்வேளையில் அந்த ஜீவன் துடிக்காமல் இறப்பது துப்பாக்கியின் பருமனைப் பொறுத்ததன்று. குண்டு சேரும் இடத்தை அறிந்து, நிச்சயமில்லாதபோது விசையைத் தொடாதிருக்கும் கையையே பொறுத்தது.