பெயரை மறந்த பக்கீத்தா

பெயரென்ன என்று கேட்டால் நாம் நொடியும் தயங்குவதில்லை. பெற்றோர் இட்ட பெயரையே மறந்துபோன ஒரு புனிதை உண்டு. சூடான் நாட்டின் தார்பூரில் 1869-ஆம் ஆண்டளவில் பிறந்த அச்சிறுமியை அடிமை வணிகர் கடத்திச் சென்றனர். அச்சத்தால் தன் பெயரே அவள் நினைவிலிருந்து நீங்கியது. கடத்தியவர்கள் வைத்த பெயர்தான் பக்கீத்தா. அரபு மொழியில் அதிர்ஷ்டசாலி என்று பொருள். எத்துணைக் கொடிய கேலி! கைமாறிக் கைமாறி விற்கப்பட்டாள். துருக்கியத் தளபதி ஒருவன் வீட்டில் அவள் உடலைச் சவரக்கத்தியால் கீறிக் காயங்களில் உப்பைத் தேய்த்தார்கள். அந்த 114 தழும்புகள் சாகும்வரை மறையவில்லை.

1883-இல் கார்ட்டூமில் அவளை வாங்கிய இத்தாலியத் துணைத் தூதர் அடிக்கவில்லை. 1885-இல் அவருடன் இத்தாலி சேர்ந்து, வேறொரு குடும்பத்தின் குழந்தைக்கு ஆயாவானாள். அவர்கள் வெளிநாடு சென்றபோது, குழந்தையுடன் அவளை வெனிஸ் நகரில் கனோசியக் கன்னியரிடம் விட்டுச் சென்றனர். சிறு வயதில் சூரியனையும் விண்மீன்களையும் கண்டு, இவற்றுக்குத் தலைவர் யாரோ என வியந்தவளுக்கு அங்கேதான் விடை கிடைத்தது. திரும்பி வந்த எசமானி அழைத்தபோது வர மறுத்தாள். வாய் திறந்து மறுப்பதே அடிமைக்குப் புதிது அல்லவா? வழக்காயிற்று. அவள் சுதந்திரப் பெண் என்று 1889 நவம்பர் 29 அன்று தீர்ப்பாயிற்று.

1890 ஜனவரி 9 அன்று ஞானஸ்நானம் பெற்று ஜோசபின் ஆனார். 1896-இல் கன்னியராகி, பின்னர் ஸ்கியோ ஊர் மடத்தில் சமையலும் தையலும் வாயிற்காவலுமாக வாழ்ந்து, 1947-இல் இறந்தார். 2000-இல் புனிதையானார். தாம் ஞானஸ்நானம் பெற்ற தொட்டியை முத்தமிட்டு, இங்கேதான் கடவுளின் மகளானேன் என்பாராம். பழைய பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை.